22 ஆண்டு வீட்டைக் கலைத்தபோது: தாயகம் திரும்பிய ஒரு குடும்பமும் அதன் பொருட்களும்

பின்னணி

தாயகம் திரும்பும் குடும்பங்களுக்கு வீட்டுச் சாமான்களைப் பிரித்து அனுப்ப உதவுவது என் பணி. சரக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, சுங்கப் பட்டியல் தயாரிப்பது, எதைக் கொண்டுபோவது எதை விடுவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவுசெய்வது என மூன்று வேலைகள் அதில் உண்டு. முதல் இரண்டுக்கும் விதிகள் இருக்கின்றன. மூன்றாவதற்கு இல்லை; நேரம் பெரும்பாலும் அதில்தான் கரைகிறது. இங்கே பதிவுசெய்திருக்கும் குடும்பம் இதற்குச் சம்மதம் தந்திருக்கிறது. யார் என்று தெரியாதபடி நாடுகளின் பெயர்களையும் சில அடையாளங்களையும் விட்டுவிட்டேன்.

கணவருக்கு 54 வயது, மனைவிக்கு 50. இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு 22 ஆண்டுகளுக்கு முன் வெளிநாடு சென்றவர்கள். மகன் அங்கேயே பிறந்தவன், 15 வயது. மகள் அங்கே வேலையில் சேர்ந்து வேறு நகரில் இருக்கிறாள், அவள் திரும்பவில்லை. கணவரின் தாயார் முதுமையில் தனியாக இருந்ததுதான் திரும்புவதற்கான முதற்காரணம். போய்க் குடியேற வேண்டியதும் அவருடைய வீட்டில்தான். காலியான வீடு ஒன்றும் காத்திருக்கவில்லை, ஒருவர் அரை நூற்றாண்டாக வாழ்ந்துகொண்டிருக்கும் வீடு காத்திருந்தது. இந்த விவரம் தொடக்கத்தில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

புறப்பட நான்கு மாதம் இருந்தது. வீட்டிலிருந்த அனைத்தையும் அளந்தபோது ஏறத்தாழ 45 கன மீட்டர் வந்தது. 20 அடிக் கொள்கலனின் உள் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். மூலைகளும் இடுக்குகளும் வீணாவதால் வீட்டுச் சாமான்களுக்கு நடைமுறையில் 25 முதல் 28 வரைதான் கிடைக்கும். 40 அடிக் கொள்கலன் எடுத்தால் சுமார் 67 கன மீட்டர் இருக்கிறது, எல்லாமே போய்விடும். ஆனால் போய்ச் சேரும் வீட்டில் வைக்க இடமில்லை. ஆகவே 20 அடி என்று முடிவானது. அதாவது, ஐந்தில் இரண்டு பங்கையாவது விட்டுவிட வேண்டும்.

முதல் சந்திப்புகளில் கண்டது

கணவரும் மனைவியும் எதிரெதிர் நிலையில் இருந்தார்கள். "அங்கே எல்லாம் கிடைக்கிறது, நான்கு பெட்டி போதும்" என்றார் அவர். எதையும் விட மனமில்லை அவருடைய மனைவிக்கு. இப்படிப்பட்ட இணைகளை அடிக்கடி பார்க்கிறேன். பற்றில்லாதவர் ஒருவர், பற்றுள்ளவர் ஒருவர் என்று குடும்பமே வேடம் பிரித்துக் கொடுத்திருக்கும். அந்தப் பிரிவினையை நான் நம்புவதில்லை. இங்கேயும் அது வாகனக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கலைந்தது. அங்கே ஓர் இசைத்தட்டுக் கருவியும் முந்நூறுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளும் ஒரு சுவர் நிறையக் கருவிகளும் இருந்தன. "இவற்றையும் விட்டுவிடலாமா?" என்று கேட்டேன். "அது வேறு" என்றார். பற்றில்லை என்று சொல்பவர்கள் தங்களுக்கு வேண்டியவற்றைப் 'பயன்படும் பொருள்' என்ற தலைப்பின்கீழ் ஒளித்து வைத்திருப்பார்கள்.

கட்டாயம் கொண்டுபோக வேண்டியவை என்று இருவரையும் தனித்தனியே எழுதச் சொன்னேன். பட்டியல்களின் மேல்பகுதி ஒன்றாகவே இருந்தது. ஈட்டி மரத்தில் செதுக்கு வேலைப்பாடு செய்த அலமாரி, இரண்டு ஓவியங்கள், கையால் நெய்த விரிப்புகள், ஒரு பெட்டி புத்தகம். அனைத்தும் தாயகத்திலிருந்து வந்தவை. வெளிநாட்டில் வாங்கிய பொருட்கள், அதாவது முதல் ஆண்டில் பழைய சாமான் கடையில் எடுத்த பைன் மரச் சமையலறை மேசை, குளிர்கால மேலங்கிகள், ஊர் நூலகத்தின் முத்திரை பதித்த கோப்பைகள், பிள்ளைகளின் பள்ளிக் காகிதங்கள் எல்லாம் பேச்சே இல்லாமல் 'விடலாம்' பக்கத்துக்குப் போயிருந்தன.

இது எனக்கு உறுத்தியது. ஈட்டி மர அலமாரி அந்த வீட்டின் வாசலுக்கு நேரெதிரே நின்றது. வருகிற ஒவ்வொருவரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். இவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பதை அது சொல்லும். ராஜ் மேத்தா, ரஸ்ஸல் பெல்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல், இந்தியாவில் வாழ்பவர்களும் அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களும் மிகவும் விரும்பும் பொருட்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் அடையாளத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பொருட்களைத் துணைக்கொள்வது அதில் பதிவாகியிருக்கிறது. அலமாரியும் 22 ஆண்டுகள் அந்த வேலையைத்தான் செய்தது. திரும்பிப் போன பிறகு அதற்கு அந்த வேலை இருக்குமா? கேட்டேன். கணவர் சிரித்தார். மனைவி, "அதை விட்டுவிட்டுப் போனால் என் அம்மாவிடம் என்ன சொல்வேன்?" என்றார். கேள்வி அத்துடன் நின்றது.

மகன் எதைக் காட்டினாலும் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்றான். வீட்டுப் பெரியவர்கள் இதை முதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பும் முடிவை எடுத்தபோது யாரும் அவனைக் கேட்கவில்லை. பொருட்களைத் தேர்ந்தெடுக்க மறுப்பது ஒன்றுதான் அவனால் மறுக்கக்கூடியதாக மிச்சமிருந்தது.

மகளின் அறையில் பதினொரு பெட்டிகள் இருந்தன. அவற்றைத் தன் கணக்கில் வைத்து அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து அழுதுகொண்டிருந்தார். மகளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கையிலிருக்கும் பொருளுக்கு நாம் கூடுதல் மதிப்புக் கொடுப்பது மனித இயல்பு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கோப்பையைச் சற்றுமுன் இலவசமாகப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால் 22 ஆண்டு வீட்டில் இருந்த நாற்காலிக்கு என்ன சொல்வது? எனவே 'இது வேண்டுமா' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தால் விடை எப்போதும் 'வேண்டும்' என்றுதான் வரும். 'ஓராண்டாகத் தொடாததைத் தூக்கிப் போடு' என்ற பிரபலமான அறிவுரையும் இங்கே உதவாது. நினைவுக்காக வைத்திருக்கும் பொருளை யாரும் தினமும் தொடுவதில்லை.

நாங்கள் கேள்வியை மாற்றினோம். அங்கே போன பிறகு இதைப் பார்த்து யாராவது "இது என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒரு நோட்டில், பொருளின் பெயருக்கு எதிரே அந்தப் பதிலை ஒரே வரியில் எழுத வேண்டும். எழுத ஒன்றுமில்லை என்றால் அது நினைவுப் பொருள் அல்ல, வெறும் சாமான். தேவையும் இடமும் பார்த்து முடிவுசெய்யலாம். இந்த முறை வேலையை மெதுவாக்கியது. கணவர் இரண்டு மாலைப்பொழுதுகள் பொறுமையிழந்து எழுந்து போனார். ஆனால் சாப்பாட்டு மேசை நாற்காலிகள், விருந்தினர் கட்டில், மூன்று புத்தக அடுக்குகள், பாதி சமையல் பாத்திரங்கள் எல்லாம் சண்டையில்லாமல் வெளியேறின. அவற்றுக்கு எதிரே எழுத இருவருக்குமே ஒன்றும் தோன்றவில்லை. மனைவிக்கே அது வியப்பாக இருந்தது.

மகளின் பெட்டிகளை அவளே வந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். பிள்ளைகள் வெளிநாட்டிலேயே தங்கிவிடும்போது, பெற்றோர் ஊர் திரும்புவது அவர்கள் வளர்ந்த வீட்டை இல்லாமல் செய்துவிடுகிறது. போகிறவர்களுக்குப் புதிய வீடு இருக்கிறது, தங்குபவர்களுக்கு அது இல்லை. ஒரு வார இறுதியில் மகள் வந்தாள். பதினொரு பெட்டிகளில் ஒன்பதை அரை நாளில் கழித்துவிட்டாள்; அம்மா அழுத காகிதங்களில் பலவற்றை அவளுக்கு நினைவே இல்லை. பிறகு சமையலறைக்குப் போய், "இந்த மேசையை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். பள்ளிப் பாடம் முழுவதையும் அதில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறாள். பழைய பொருட்களை வாங்கும் அறநிறுவனம் மறுநாள் வந்து கொண்டுபோவதாக இருந்த மேசை அது.

வீடியோ நாடாக்களும் புகைப்படங்களும் அடுத்தது. இதில் உணர்வைவிடத் தொழில்நுட்பம் அவசரப்படுத்துகிறது. அந்த நாட்டில் பதிவான நாடாக்கள் 525 வரிகள் கொண்ட என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற ஒளிபரப்பு முறையில் இருந்தன. தாயகத்தில் வழங்கியது 625 வரிகள் கொண்ட பால் (PAL) முறை. அதற்கு மட்டும் செய்த கருவியில் இந்த நாடாக்கள் சரியாக ஓடாது. ஓடக்கூடிய கருவிகளும் அருகிவருகின்றன. காந்த நாடாவோ ஆண்டுக்காண்டு நலிந்துகொண்டே போகும். புறப்படுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எண்ணிம வடிவுக்கு மாற்றினோம். சிறிய புகைப்படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடி, ஒரு பிரதி மகளிடமும் ஒன்று இவர்களிடமும் இருக்கச் செய்தோம். அசல் படங்கள் கைப்பையில் போயின. எதையும் கொள்கலனில் போடலாம், ஒரே ஒரு பிரதி இருக்கும் படத்தை மட்டும் போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பவன்.

பள்ளி ஓவியங்கள், களிமண் பொம்மைகள், கோப்பைப் பரிசுகள் போன்றவற்றைப் படமெடுத்துவிட்டு விடுவதென்று முடிவாயிற்று. நினைவுக்குரிய பொருளைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் மக்கள் அதைக் கொடுத்துவிடத் துணிகிறார்கள் என்பதை 2017இல் கேரன் விண்டரிச் குழுவினர் மாணவர் விடுதிகளில் நடத்திய கள ஆய்வு காட்டியது. இந்த வீட்டில் அது பெருமளவு பலித்தது. பொருளைத் தனியாக எடுப்பதைவிட அதைப் பிள்ளை கையில் பிடித்திருக்கும்படி எடுத்த படங்களைத்தான் பின்னால் அவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இசைத்தட்டுக் கருவி ஒரு மாலையைத் தின்றது. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. தாயகத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வாங்கினால் போதும் என்று கணவர் நினைத்திருந்தார். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுழலும் பழைய மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் இழக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு சுமார் 28 சுற்றுதான் சுற்றும். பாட்டின் சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். வார்ப்பட்டை வைத்த சில கருவிகளுக்கு 50 ஹெர்ட்ஸுக்கென வேறு அளவில் கப்பி கிடைக்கும். அவர் தேடி வாங்கினார். துளையிடும் கருவி, அறுப்பான் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். பயன்படும் பொருட்கள் என்று சொன்ன அவற்றைக் கைவிட்டு, பாட்டுக் கருவிக்காக இத்தனை மெனக்கெட்டதைக் கண்டு அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு வீட்டில் வாக்குவாதம் குறைந்தது.

அலமாரிக்குச் சட்டமும் குறுக்கே வந்தது. ஈட்டி மரம் டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி 2 முதல் அந்தப் பேரினம் ஏறத்தாழ முழுவதும் சேர்க்கப்பட்டுவிட்டது. சொந்த வீட்டுச் சாமானுக்கு விலக்குகள் உண்டு, ஆனால் நாட்டுக்கு நாடு நடைமுறை மாறும். இரு நாட்டு அலுவலகங்களிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கினோம். அதைச் சுற்றி அடித்த மரக்கூட்டுக்கு, மரப் பொதிகள் வழியே பூச்சிகள் பரவாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி முத்திரை தேவை. பெரும்பாலும், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. வீட்டில் கிடந்த பலகையால் கூடு அடித்துவிடலாம் என்ற கணவரின் யோசனை இதனால் அடிபட்டது.

மகனுக்கு ஒரு பெட்டி. அதில் என்ன வைக்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை, ஏன் என்றும் கேட்பதில்லை என்று பெற்றோரிடம் வாக்கு வாங்கினேன். சுங்கத்துக்கு உள்ளடக்கம் தெரிந்தாக வேண்டும் என்பதால் பட்டியலை அவனே எழுதி என்னிடம் மட்டும் தந்தான். லித்தியம் மின்கலம் மட்டும் கூடாது என்றேன். மூன்று நாள் அந்தப் பெட்டி காலியாகவே கிடந்தது. நான்காம் நாள் நிரம்பி, ஒட்டி, பெயர் எழுதித் தயாராக இருந்தது.

காப்பீட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடல் வழி அனுப்பும் சாமானுக்கான காப்பீடு, பொருளை மறுபடி வாங்க ஆகும் தொகையையே ஈடு செய்யும். நினைவுக்கு விலை போடாது. வீட்டுக்காரரே கட்டிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால் பெரும்பாலான காப்பீடுகள் பொறுப்பேற்பதில்லை. இதை எழுத்தில் கொடுத்தேன். இசைத்தட்டுகளை வேறு யாரும் தொடக்கூடாது என்று கணவர் தாமே கட்டினார்.

போய்ச் சேர்ந்த பிறகு

அவர்கள் விமானத்தில் முன்னால் போனார்கள். கொள்கலன் வர ஒன்பது வாரம் ஆயிற்று. அந்த இடைவெளியில் எந்தப் பொருளைத் தேடினோம் என்று குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். மனைவியின் குறிப்பில் முதல் வாரத்திலேயே கோப்பைகள் வந்துவிட்டன. பிறகு மேசை. பிறகு, தேவையே இல்லாத வெப்பத்தில், குளிர்கால மேலங்கி. அலமாரி ஒன்பது வாரத்திலும் ஒருமுறைகூட வரவில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில், 22 ஆண்டுகளுக்கு முன் இவர்கள் விட்டுவிட்டுப் போன பொருட்கள் அப்படியே இருந்தன. அவருடைய கல்லூரி நோட்டுகள், பிரிக்காத திருமணப் பரிசுகள், மகள் படுத்த தொட்டில், ஓடாத மிதிவண்டி. அவர்கள் மறந்தே போனவை. தாயார் ஆண்டுதோறும் தூசி தட்டி, பூச்சி மருந்து போட்டுக் காத்துவைத்திருந்தார். "இதையெல்லாம் எதற்கம்மா வைத்திருக்கிறாய்? தூக்கிப் போட்டுவிடலாம்" என்று கணவர் சொன்ன அன்று தாயார் சாப்பிடவில்லை. மறுநாள், "நீ வந்து எடுத்துக்கொள்வாய் என்றுதான் வைத்திருந்தேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

தொலைபேசியில் இதைக் கேட்டபோது, கொள்கலன் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் இலவச நாட்கள் முடிந்தால் தாமதக் கட்டணம் ஏறும். சாமான்களை எடுத்து ஒரு மாதத்துக்குக் கிடங்கில் வைக்கலாம், அதற்குள் அறையைக் காலி செய்ய அவசரப்பட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னேன். செலவு கூடும் என்று கணவர் தயங்கினார். மனைவிதான் ஒப்புக்கொள்ள வைத்தார். இதற்குக் காரணம் எளியது. இந்த அறையில் இருப்பவை உரிமைப்படி இவர்களுடைய பொருட்கள் என்றாலும், 22 ஆண்டுகள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாயார். அந்த ஆண்டுகளை அவர் கழித்ததற்கு அவைதான் சாட்சி.

அதே நோட்டு முறையை இங்கே திருப்பிப் போட்டார்கள். மருமகள் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி, "இது என்ன, அத்தை?" என்று கேட்க, அவர் சொல்ல, பேரன் எழுதினான். அவனுடைய தாய்மொழி எழுத்து தடுமாற்றமானது. பாட்டி எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்று வாரத்தில் அறை பாதியாயிற்று. கல்லூரி நோட்டுகளைத் தாயாரே பழைய காகிதத்துக்குப் போடச் சொன்னார். தொட்டில் இருக்கட்டும் என்றார். இருக்கிறது.

சாமான்கள் வந்தபோது அலமாரியின் ஒரு கதவு மூடவில்லை. வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்றில் இத்தனை காலம் சுருங்கி நின்ற மரம், கடல் காற்றிலும் ஈரப்பதத்திலும் உப்பிவிட்டது. தச்சர் உடனே இழைத்துவிடுகிறேன் என்றார். மரம் புதிய காற்றுக்குப் பழகி ஒரு நிலைக்கு வரச் சில மாதம் ஆகும், அதற்குள் இழைத்தால் வறண்ட பருவத்தில் இடைவெளி விழும் என்று தடுத்தோம். இதைவிட மனைவியைப் பாதித்தது வேறு. வந்தவர்கள் யாரும் அலமாரியைப் பற்றிக் கேட்கவில்லை. "இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கிற அலமாரிதானே" என்று அவரே சொன்னார். விருந்தினருக்கு அந்த நூலக முத்திரைக் கோப்பையில் குடிக்கக் கொடுத்தபோதுதான், "இது எங்கே வாங்கியது?" என்ற கேள்வி வந்தது. அந்தக் கோப்பைகளில் நான்கு, பாத்திரங்களுக்கு இடையே இடுக்கு நிரப்ப வைத்ததால் தப்பியவை.

இசைத்தட்டுகளில் ஒரு பெட்டி வளைந்துவிட்டது. வெயிலில் நிற்கும் கொள்கலனுக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டும். தட்டுகளைச் செங்குத்தாக அடுக்க வேண்டும். ஒரு பெட்டியை மட்டும் அவர் கிடைமட்டமாக அடுக்கியிருந்தார். காப்பீடு எதிர்பார்த்தபடியே மறுத்தது. பற்றில்லாதவர் என்ற பெயருடைய மனிதர் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை என்று மகன் எனக்கு எழுதினான். கருவி புதிய கப்பியோடு சரியான வேகத்தில் சுற்றுகிறது.

ஓராண்டில் நிலைமை

வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களின் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு சரிந்து, மெல்ல மீள்வதை ஜான் கலஹார்ன், ஜீன் கலஹார்ன் இணையர் 1963இலேயே விவரித்திருக்கிறார்கள். போகும்போது ஒரு சரிவு, திரும்பும்போது இன்னொரு சரிவு. மனைவியிடம் இந்த இரண்டாவது சரிவு நான்காம் மாதம் தொடங்கியது. விட்டுவந்த பொருட்களின் நினைவு அப்போதுதான் கடுமையாயிற்று. வீட்டில் அவர் சொல்லிப் புலம்பியது பொருட்களைப் பற்றி. உள்ளே இருந்தது, 22 ஆண்டு வாழ்க்கையைப் பற்றிப் பேச இங்கே யாரும் இல்லை என்ற தவிப்பு என்று நினைக்கிறேன். புலம்பெயர்ந்த நாட்டில் தாயகத்தின் பொருட்கள் செய்த வேலையைத் தாயகத்தில் அந்நாட்டின் பொருட்கள் செய்ய வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை மலிவானவை என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது அம்மா கேட்ட சில பொருட்களைக் கொண்டுவந்தாள். கேட்டவை சிறியவை: ஒரு கரண்டி, தெருவின் பெயர் அச்சான ஓர் அறிவிப்புத் தாள், பழைய மேலங்கி. மேசையைப் பற்றி அம்மா இப்போது பேசுவதில்லை. அது மகளிடம் புழக்கத்தில் இருப்பது அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. கொடுத்துவிட்டதற்கும் இழந்ததற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். யாரிடம் போயிற்று என்று தெரிந்த பொருள் அவ்வளவாக வலிப்பதில்லை.

மகன் தன் பெட்டியைத் திறந்து பொருட்களைத் தன் அறையின் ஒரு பலகையில் வைத்திருக்கிறான். பள்ளி அலமாரியின் பூட்டு, பேருந்து வழித்தட வரைபடம், நண்பர்கள் கையெழுத்திட்ட ஒரு மட்டை, இன்னும் சில. புதிய பள்ளித் தோழர்கள் வந்தால் அந்தப் பலகை முன்னால்தான் பேச்சு தொடங்குகிறதாம். இரண்டு பெட்டி கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு சொன்னான்.

அலமாரியின் கதவு எட்டாம் மாதம் சிறிது இழைத்ததும் மூடிக்கொண்டது. அதில் இப்போது தாயாரின் துணிகள் இருக்கின்றன.

அடுத்த குடும்பங்களுக்கு மாற்றியிருப்பவை

பிரிக்கும் வேலையைப் போய்ச் சேரும் வீட்டிலிருந்து தொடங்குகிறோம். அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் எதைக் காத்துவைத்திருக்கிறார்கள், முன்பு புறப்பட்டபோது விட்டுப்போனவை என்ன ஆயின என்று முதல் வாரத்திலேயே கேட்டு, முடிந்தால் ஒருவர் போய்ப் பார்த்துவருகிறார். அறையின் நீள அகலம் அதற்குப் பிறகுதான்.

தங்கப்போகும் பிள்ளைகளிடம் முதலில் கேட்கிறோம். பெற்றோரின் பட்டியல் அதன் பின்னர்.

வாய்ப்பிருக்கும் குடும்பங்களில், சந்தேகத்துக்குரிய பொருட்களை உடனே விட்டுவிடாமல் ஓர் உறவினரிடமோ கிடங்கிலோ ஆறு மாதம் வைக்கச் சொல்கிறேன். பழைய வீட்டில் நின்றுகொண்டு, புதிய வீட்டில் எது இல்லாமல் ஏங்குவோம் என்று கணிப்பது கடினம். பிறகு தேவைப்படுவதை விமானத்தில் தருவிக்கலாம். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விமானச் சரக்கில் கன அளவையும் எடையாகக் கணக்கிடுவார்கள், பொதுவாக ஒரு கன மீட்டர் 167 கிலோவுக்குச் சமம். ஆகவே இலகுவான பெரிய பொருளுக்கு இந்த வழி ஒத்துவராது. குடிபெயர்வோருக்கான சுங்கச் சலுகைகளுக்குக் காலக்கெடுவும் உண்டு. இரண்டாம் தவணை அதற்குள் வருமா என்று பார்த்துவிட்டுத்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

வீட்டுக்காரர் தாமே கட்டியே தீருவேன் என்று சொல்லும் பெட்டிகளை நிறுவன ஊழியர் ஒருவர் திறந்து பார்த்து, அடுக்கிய முறையைச் சரிபார்த்த பிறகே ஒட்டச் சொல்கிறோம். பிள்ளைகளின் பெட்டிக்கு இந்த விதி கிடையாது. அவர்களுக்கு இப்போது இரண்டு பெட்டிகள்.

நோட்டில் ஒரு நெடுவரிசை கூடியிருக்கிறது. பொருளின் பெயர், அதற்கான ஒரு வரி ஆகியவற்றுக்கு அடுத்து, அது எந்த நாட்டில் வாங்கியது என்று எழுத வேண்டும். பட்டியல் முடிந்ததும் அந்த நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக் காட்டுகிறேன். வாழ்ந்த நாட்டின் பெயர் அதில் அரிதாக வந்தால் குடும்பத்தை மறுபடி சமையலறைக்கு அழைத்துப் போய், இழுப்பறைகளைத் திறக்கச் சொல்கிறேன்.